தானாக நின்றவன்

ஜூன் 22, சனி

ஜெசிந்தா சொன்னதற்காக எழுதுகிறேன். "போன்ல பேசுனா நீங்க கிண்டல் மட்டுந்தான் பண்ணுதீங்கப்பா, ஒரு விஷயமும் தெரிய மாட்டேங்கு. தெனமும் என்ன நடந்துன்னு எழுதி வைங்க, வந்த பெறவு நான் வாசிக்கேன்" என்று சொல்லி இந்த டைரியை என் பெட்டியில் வைத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற அப்பனுக்கு டீச்சர் மகள் கொடுத்த வீட்டுப்பாடம். ஐந்து மாதமாகத் தொடவில்லை. இன்று சோறு வடித்து, குழம்பு வைத்து, பாத்திரமும் கழுவிவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். பிழைக்கு மார்க் குறைக்கக் கூடாது மக்கா.

பெயர் ததேயுஸ். வயது ஐம்பத்தொன்று. வேலை, சரக்குக் கப்பலில் சமையல். கப்பலுக்கு நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது, நான் துருப்பெட்டி என்றுதான் சொல்வேன். அட்லாண்டிக் கடலோரத் தீவுகளுக்கு சிமெண்டும் பலகையும் கொண்டுபோகிற பெட்டி. நான்கு வாரத்துக்கு முன்னால் இஞ்சின் செத்துவிட்டது. சாமான் எங்கேயோ தூர தேசத்திலிருந்து வர வேண்டுமாம். அதுவரை ஒரு தீவின் வளைகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம், கேப்டனோடு சேர்த்துப் பதினொரு பேர். தீவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மேப்பில் தேடிப் பார்த்துப் பயப்படுவாய்.

உன் ஞானத்தகப்பன் ரெமிஜியுஸ் நன்றாக இருக்கிறான். அவன்தான் இந்தக் கப்பலின் போசன். கயிறு, நங்கூரம், பெயிண்ட் வேலை எல்லாவற்றுக்கும் தலைவன். என்னை இங்கே சேர்த்துவிட்டவனும் அவனே. இன்று குழம்பைக் குடித்துவிட்டு, "மச்சான், இதுல உப்பு இருக்கா, இல்ல உப்புக்குள்ள கொழம்பு இருக்கா" என்றான். நான் அவன் டீயில் ஒரு கரண்டி உப்பு போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் இப்படித்தான் பொழுதை ஓட்டுகிறோம்.

ஜூன் 24, திங்கள்

கப்பலின் பின்பக்கம் பாறை மீன் கூட்டம் வந்து நின்றது. தூண்டிலில் நாற்பது மீனுக்கு மேல் எடுத்தோம். எடுத்ததும் சண்டை. பெரிய மீன் யாருக்கு என்று வளர்ந்த ஆம்பிளைகள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான், "எங்க ஊரு மாதிரி பங்கு வைப்போம்" என்றேன்.

எங்கள் ஊரில் ஏழு பேர் கடலுக்குப் போய் வந்தால் மீனை ஏழு கூறாக வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொருவனும் கையில் கிடைத்த ஒரு பொருளைக் கொடுப்பான், சிப்பியோ பீடித்துண்டோ பொத்தானோ. எது யாருடையது என்று தெரியாத ஒருத்தன், கரையில் சும்மா நிற்கிறவன், வந்து கூறுக்கு ஒன்றாக வைப்பான். உன் பொருள் எதில் விழுந்ததோ அது உனக்கு. அதற்குமேல் பேச்சு கிடையாது. இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் ஆனது. கேப்டன் அப்போதுதான் கீழே வந்தார். அவரையே வைக்கச் சொன்னோம். வைத்து முடித்ததும், "இதில் ஏமாற்ற வழியே இல்லையே" என்று மெச்சினார். அதை நானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

நான் கொடுத்தது மிளகாய்க் காம்பு. பதினாறு வயதில் முதல் கடலுக்குப் போனபோது மடியில் இருந்தது அதுதான், அன்றைக்கு எனக்கு விழுந்தது பெரிய கூறு. அதன் பிறகு வேறு எதையும் கொடுத்தது இல்லை. "கடல்ல எவனாவது மொளகாயோட திரிவானா, இவன் ஒருத்தன்தான்" என்று கேப்டன் மேலே போன பிறகு ரெமி மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தான். இன்றும் நல்ல மீன்தான் விழுந்தது. வறுத்தேன்.

ஜூன் 26, புதன்

ஆப்பிரிக்கா பக்கம் கடலில் ஒரு தாழ்வு உருவாகியிருக்கிறது என்று ரேடியோ சொன்னது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்தக் கடலில் புயல் காலம் தொடங்கி மூன்றரை வாரம்தான் ஆகிறதாம். ஆகஸ்டு, செப்டம்பரில்தான் பெரியது வருமாம். ஜூனில் வருவது வெறும் மழையும் சாரலும்தான் என்று கேப்டன் ஒரு தடிப் புத்தகத்தைக் காட்டினார். நானும் தலையாட்டினேன். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகை வந்தால்தானே புயல். ஆனி மாதத்தில் எவனாவது பயப்படுவானா?

இன்று வாளியில் கடல் தண்ணீர் மொண்டு சட்டி கழுவினேன். குளிக்க வெந்நீர் வைத்த மாதிரி இருந்தது. சட்டியிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கு தேய்க்காமலே போனது. எனக்கு ஒரு வேலை மிச்சம்.

ஜூன் 28, வெள்ளி

நேற்றுக் காலை சாதாரணக் காற்று. இன்று மாலைக்குள் அது முழுப் புயல். ஒரு நாளில் இப்படி ஊதிப் பெருத்ததை, அதுவும் ஜூன் மாதத்தில், ரேடியோக்காரனே நம்ப முடியாமல் சொல்கிறான். பழைய கணக்கு எதிலும் இப்படி இல்லையாம். நாளைக்கு இன்னும் பெருக்குமாம். திங்கட்கிழமை இந்தத் தீவுக்கு நேராக வருகிறதாம்.

புயலுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வாயில் நுழையவில்லை. நான் பிலோமி சித்தி என்று பெயர் வைத்தேன். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும் முன்னாலேயே பெட்டியோடு வந்து இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்து, "இன்னும் சோறு ஆகலயா" என்று கேட்கிறவள் அவள்தானே. ரெமியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

ரெமி இன்று சாப்பிடவும் இல்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டான். அவனுக்கு அந்தக் கார்த்திகைப் புயல் ஞாபகம் வந்திருக்கும். நீ அப்போது சின்னப் பிள்ளை. வள்ளம் கவிழ்ந்து, மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் கடலில் கிடந்தான். நாங்கள்தான் தேடிப் போய்த் தூக்கினோம். கேனை விடச் சொன்னால் விடவில்லை. கேனோடேயே வள்ளத்தில் ஏற்றினோம். அதைச் சொல்லி இருபது வருடம் கேலி பண்ணியிருக்கிறேன். இன்று பண்ணவில்லை.

ஜூன் 29, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கப்பலில் யாரும் இருக்கக் கூடாது, எல்லோரும் கரைக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தங்குங்கள் என்று துறைமுகத்திலிருந்து சொன்னார்கள். நாளைக் காலை பத்து மணிக்குப் படகு அனுப்புகிறார்களாம். நாங்கள் மூட்டை கட்டத் தொடங்கினோம். அதற்குள் முதலாளி கேப்டனைப் போனில் கூப்பிட்டார். ஆள் இல்லாத கப்பலில் எவன் முதலில் கயிறு கட்டினாலும் அவன் பங்கு கேட்பானாம், அதனால் இரண்டு பேராவது கப்பலில் இருக்க வேண்டுமாம். கேப்டன் கரையில் இருந்து அதிகாரிகளோடு பேச வேண்டும். அப்படியானால் மற்ற பத்துப் பேரில் இரண்டு பேர்.

கேப்டன் மெஸ் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "போசனுக்கு நங்கூரம் தெரியும். போசன் நிற்பதுதான் சரி" என்றார். ரெமியின் முகம் சாம்பலாகிவிட்டது. கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்தான் எழுந்து, "ஆர்டர் போட்டு யாரையும் நிறுத்த வேண்டாம் சார். மீன் பங்கு வச்ச மாதிரி வைப்போம். யாருக்கு விழுதோ அவங்க நிக்கட்டும்" என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். ரெமி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நெருக்கினான்.

பத்துக் காகிதம் வைத்தோம். எட்டில் கரை, இரண்டில் கப்பல் என்று எழுதினோம். எது யாருடைய பொருள் என்று பார்க்காமல் இருக்கக் கேப்டன் மேலே போய்விட்டார். ரெமி கேப்டனின் தொப்பியை நீட்டிக்கொண்டு வந்தான். ஆளுக்கொன்று போட்டோம். கப்பல் ஓட்டும் அறைக்கு வெளியே ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த கோஃபியிடமும் போய் வாங்கிக்கொண்டான். கோஃபி கானா நாட்டுக்காரன், ஆறடி உயரம், அவன் போட்டது ஒரு நீலப் பாசிமணி. பிறகு கேப்டனைக் கூட்டிக்கொண்டு ரெமி இறங்கி வந்தான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். படி ஏறி இறங்க அவ்வளவு நேரம் ஆகாது. கேப்டன் போனில் இருந்திருப்பார்.

கேப்டன் தொப்பிக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் துழாவினார். முதலில் எடுத்தது மிளகாய்க் காம்பு. வைத்தது கப்பல் காகிதத்தில். அதன் பிறகு மற்றதையெல்லாம் சரசரவென்று வைத்தார். இன்னொரு கப்பல் காகிதத்தில் கோஃபியின் மணி.

"பாத்தியாலே, எனக்கு எப்பவும் பெரிய கூறுதான் விழும்" என்று ரெமியிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ரெமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், எனக்கு விழுந்ததே என்று வருத்தம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரெமி இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

ஜூன் 30, ஞாயிறு

பத்து மணிக்குப் படகு வந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கிறது, ஆனால் அடியில் நீளமான அலை ஒன்று மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகிறது. ரெமி எனக்கு நங்கூரச் சங்கிலியை எவ்வளவு விட வேண்டும், பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான். "நீ வேண்டாம்னா சொல்லு மச்சான், நான் நிக்கேன்" என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன், அதனால் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே, மெற்றில்டா பயந்துவிடுவாள் என்று அவனிடம் சொன்னேன். நாங்கள் கிளம்பிய அன்று கோயில் வாசலில் அவளிடம், "போற மாதிரியே திருப்பிக் கூட்டிட்டு வாரேன் தங்கச்சி" என்று சொன்னவன் அவன். அவனுக்கும் சங்கடம்.

படகு போகும்போது எல்லோரும் கை காட்டினார்கள். ரெமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அலையில் தலை சுற்றும்.

மதியம் நானும் கோஃபியும் அடித்தளத்துத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பினோம், கப்பல் கனமாக உட்காரட்டும் என்று. மிச்சமிருந்த கோழி எல்லாவற்றையும் பொரித்தேன். கோஃபி, "இரண்டு பேருக்கு எட்டுக் கோழியா" என்றான். "சித்தியும் வாராள்ல" என்றேன். அவனுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை.

ஜூலை 1, திங்கள்

காலை ஆறு மணி. காற்று வடக்கே இருந்து. இனிமேல் எழுத முடியாது.

ஜூலை 2, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்று எட்டு மணிக்கு மேல் காற்றுக்குச் சத்தம் என்ற ஒன்று இல்லாமல் போனது. சத்தம் என்றால் கூடும் குறையும், இது ஒரே கத்தலாக நின்றது. மழை மேலேயிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. கடலும் காற்றும் ஒரே வெள்ளை. சமையலறைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பெரிய சட்டி அதன் பின்னாலேயே பறந்தது. நல்ல சட்டி. வடக்கே மலை இருந்ததால் அலை அவ்வளவாக இல்லை, நங்கூரம் பிடித்தது. நானும் கோஃபியும் முன்பக்கம் சங்கிலிப் பிரேக்குக்குப் பக்கத்தில் இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தோம். நான் வாய் ஓயாமல் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது.

பதினொன்றரைக்குச் சட்டென்று நின்றது. வெயில் அடித்தது. தலைக்கு மேல் வட்டமாக நீல வானம், சுற்றிலும் சுவர் போல மேகம். பறவைகள் களைத்துப்போய்த் தளத்தில் வந்து விழுந்தன. புயலின் கண் இதுதான். அடுத்து காற்று தெற்கே இருந்து திரும்பி அடிக்கும் என்று நம் ஊர்க் கடல்காரனுக்குத் தெரியும். தெற்கே திறந்த கடல். ஓடிப்போய் இரண்டாவது நங்கூரத்தையும் இறக்கினோம். அரை மணி நேரத்தில் முடித்தோம். இரண்டு பேருக்கும் உள்ளங்கை உரிந்துவிட்டது.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கோஃபி என் தோளில் கை போட்டான். "உன்னைப் போல ஒருத்தனை நான் பார்த்ததில்லை" என்றான்.

"என்ன, சமையலா?" என்றேன்.

"போசனுக்காக நீ நின்றது. நான் அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பலகை அடித்துக்கொண்டு நின்றேனே, உள்ளே பேசியது கேட்டது. என்னை நிறுத்தாதீர்கள், குக்கை நிறுத்துங்கள் என்று போசன் கேப்டனிடம் கெஞ்சினார். அவனும் மீனவன்தான், நங்கூரம் தெரியும், மிளகாய்க் காம்பு அவனுடையது, அவன் கோபப்பட மாட்டான், சிரித்துக்கொண்டே நிற்பான் என்றார். நீங்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்தது என்று புரிந்துகொண்டேன். அவருக்குப் பயம், அதனால் நீ நிற்கிறாய். என் கூடப் பிறந்தவன்கூட எனக்கு இப்படிச் செய்ய மாட்டான்."

வெயிலில் கண் கூசியது.

"ஆமா" என்றேன். "பேசி வச்சதுதான்."

பிறகு தெற்குச் சுவர் வந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு சங்கிலி அறுந்தது, இன்னொன்று நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டே வந்தது. கப்பல் பின்பக்கமாகப் போய்ச் சேற்றிலும் அலையாத்திக் காட்டிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. சாய்ந்து கிடக்கிறது. இன்று காலை ஏணி இறக்கி, சேற்றில் நடந்து கரைக்கு வந்தோம். கப்பல் காப்பாற்றப்பட்டது என்று முதலாளி சந்தோஷப்படுவார்.

வரும் வழியில் ஒரு மரத்திலும் இலை இல்லை. பச்சையாக இருந்த மலை, தீப்பிடித்து அணைந்தது போலப் பழுப்பாக நிற்கிறது.

ஜூலை 3, புதன்

கை வலிக்கிறது. கரையிலேயே ஒரு வீட்டில் சும்மா படுத்திருந்தேன்.

ஜூலை 4, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். இருநூறு பேர் தங்கியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும். பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, மீதிக்கு வீடே இல்லை. இங்கே சமையல் பொறுப்பில் இருக்கும் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், பெயர் ஐவி. அரிசியைக் கஞ்சியாக்கிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கேட்டு வாங்கினேன். அவர் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையாலா?" என்றார். "வாயால் சமைப்பேன், நீங்கள் கிண்டுங்கள்" என்றேன். சிரித்தார்.

உதவிக்கு வந்தவர்களிடம் ஒரு சாட்டிலைட் போன் இருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம். நீதான் எடுத்தாய். அழுதுகொண்டே நீ சொன்னது: "ரெமி மாமா போன் பண்ணாரு. நீங்களே முன்னால வந்து, நான் நிக்கேன், மத்தவன் போங்கன்னு சொன்னீங்களாமே. நேத்து பூசையில பாதர் உங்க பேரச் சொல்லி செபம் பண்ணாங்கப்பா. ஊரே பேசுது."

உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே என்று ரெமியிடம் சொல்லியிருந்தேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லைதான். இதைத்தான் சொல்லியிருக்கிறான்.

ஜூலை 5, வெள்ளி

கப்பல்காரர்களை வேறொரு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான் வந்தது தெரிந்து இன்று வந்தார்கள். கேப்டன் என் கையைக் குலுக்கினார், கட்டுப் போட்ட கையை. "நீ பெரிய மனசுக்காரன்" என்றார். "உங்கள் தொப்பி பத்திரமா சார்?" என்று கேட்டேன். அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

ரெமி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். தோளெல்லாம் ஈரமாகும்படி அழுதான். "மச்சான், மச்சான்" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் விட்டதும், "வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றேன்.

அவன் ஒரு அடி பின்னால் போனான். "என்ன மச்சான், வாங்க போங்கன்னுக்கிட்டு?"

"தட்ட எடுத்துட்டு வரிசையில வாங்க."

வந்தான். எல்லோருக்கும் போட்ட மாதிரி ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி பருப்பு. "போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டேன்.

"ஏசுலே. அடி. எதையாவது சொல்லி ஏசு."

"பின்னால ஆளு நிக்காங்க. கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

ஜூலை 6, சனி

ஈரப்பலா ஐம்பது காய். புயலில் விழுந்தவை. தோல் சீவி, வேகவைத்து, கடுகு தாளித்தேன். ஐவி அம்மா கடுகு வெடித்த சத்தத்துக்குப் பயந்து வெளியே ஓடிவிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

இன்னொன்று வருகிறது. முதலாவது போய் ஒரு வாரம் ஆகவில்லை. ஜூலை முதல் வாரத்தில் இரண்டாவது பெரிய புயலை யாரும் கண்டதில்லை என்று அதே ரேடியோக்காரன் சொல்கிறான். குரலில் இப்போது ஆச்சரியம் இல்லை, அலுப்புதான்.

நாளைக் காலை பக்கத்துத் தீவுக்கு ஒரு படகு போகிறது. அங்கே விமானம் இறங்குகிறதாம். கப்பல்காரர் எல்லோருக்கும் ஊருக்கு டிக்கெட் வந்துவிட்டது. கோஃபிக்கு மட்டும் காகிதம் ஏதோ சரியாகவில்லை, அடுத்த வாரம்தான்.

ஐவி அம்மாவிடம் இருக்கும் ஆட்கள் நான்கு பேர். அரிசி இருக்கிறது, இருநூறு பேர் இருக்கிறார்கள், கூரை பாதி இருக்கிறது. நான் கேப்டனிடம் போய் என் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ரெமி கேட்டான். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் விறகு பிளந்துகொண்டிருந்தேன், எதிரே வந்து குத்தவைத்தான்.

"நீ வராம நான் மட்டும் எப்டி மச்சான் போவேன்? தங்கச்சி கேப்பாளே."

"கேப்பா."

"கேப்டன் என்னத்தான் நிறுத்தப் பாத்தாரு. எனக்கு வேற வழி தெரியல. அந்த மூணு நாளு... கண்ண மூடுனா இன்னமும் தண்ணிக்குள்ள கெடக்கேன்."

"தெரியும். உங்களத் தூக்கி வள்ளத்துல போட்டது நாந்தான."

"நீ சிரிப்பன்னு நெனச்சேன்."

"சிரிச்சேன். காத்து அடிக்க அடிக்க சிரிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். கோஃபிட்டக் கேட்டுப் பாருங்க."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நாற்பத்தைந்து வருடப் பழக்கம். அவன் எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டுவான் என்று எனக்குத் தெரியும். நான் எந்தக் காம்பைக் கொடுப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அதைத்தானே கொண்டுபோய்க் கொடுத்தான்.

"பயந்தேன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, சீட்டே போடாம நின்னுருப்பேன்" என்றேன். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. நான் ஊர்ல ஒருத்தர்ட்டயும் வாயத் திறக்க மாட்டேன். நடந்தத மெற்றில்டாட்ட மட்டும் நீங்களே சொல்லீருங்க. நேருல போய். அவ ஏசுவா. ஏசி முடிச்சிட்டு சோறு போடுவா. அம்புட்டுதான்."

"சொல்லுதேன்."

"நான் இப்ப நிக்கது நானா நிக்கது. அதையும் சொல்லுங்க. அது வேற, இது வேற."

"சத்தியமா சொல்லுதேன் மச்சான்."

நான் அடுத்த விறகை எடுத்தேன்.

ஜூலை 8, திங்கள்

படகு போய்விட்டது. மதியம் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்தோம். எனக்குக் கை ஆகாது, பலகையைப் பிடித்துக்கொண்டு கோஃபிக்கு யோசனை சொன்னேன். "நீ பேசாமல் பிடித்தாலே போதும்" என்றான்.

ஜூலை 10, புதன்

இரண்டாவது சித்தி வடக்கே திரும்பிவிட்டாள். எங்களுக்கு வால் மட்டும்தான் பட்டது. ஆனாலும் மிச்சமிருந்த கூரையில் நாலு தகரம் போயிற்று. பிள்ளைகள் அழுதார்கள். எல்லோரையும் சமையலறைக்குள் உட்கார வைத்து, சீனி போட்ட கஞ்சி கொடுத்தேன். ஒரு பெண் குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது. வேலை ஓடவில்லை, ஆனாலும் எழுப்பவில்லை.

வடக்கே இருக்கிற தீவில் என்ன ஆனதோ.

ஜூலை 13, சனி

உப்பு தீர்ந்தது. கடல் தண்ணீரை ஊற்றி உலை வைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இங்கே தொலைபேசிக் கம்பம் ஒன்றை நட்டுவிட்டார்கள். வரிசையில் நின்று, காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் பேசினேன். அங்கே சாயங்காலம். இந்த முறை எடுத்தது உன் அம்மா.

கை எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, எப்போது டிக்கெட் என்று எல்லாம் கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். குரலில் பழைய அதட்டல் இருந்தது, சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம். நான், "இங்க இருநூறு பேரு என் கொழம்ப நல்லாருக்குன்னு சொல்லுதாங்க, நீ ஒருத்திதான் கொற சொல்லுவ" என்றேன்.

"ரெமி அண்ணன் முந்தாநேத்து வந்தாங்க" என்றாள். "ரொம்ப மெலிஞ்சு போயிட்டாங்க. உக்காரச் சொன்னா உக்காரல, வாசல்லயே நின்னாங்க. நான் உள்ள கூப்புட்டு சோறு போட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சொன்னாருன்னு யாரச் சொல்லுதீங்க? ரெமி அண்ணனயா?" சிரித்தாள். "எல்லாம் சொன்னாங்க. அந்த மனுசன் கல்லு நெஞ்சுக்காரன் தங்கச்சி, நான் எம்புட்டோ சொன்னேன், கேக்கலன்னாங்க. நானும் மனசுக்குள்ள ஏசிக்கிட்டுத்தான் இருந்தேன். கப்பல்லயும் நீங்களா நின்னீங்க, இப்ப பள்ளிக்கூடத்துலயும் நீங்களா நிக்கீங்க. ரெண்டு தடவையும் வீடுன்னு ஒண்ணு இருக்கது ஞாபகம் வரலயா உங்களுக்கு?"

எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஐவி அம்மா வாளியோடு எனக்காகக் காத்திருந்தார். சொல்லுவதற்கு வாயில் ஒரு கிண்டல் வந்து நின்றது. எப்போதும் வருவதுதான். இந்த முறை அதை வெளியே விடவில்லை.

"ஒரு தடவதான் மெற்றில்டா" என்றேன்.

அவள் உள்ளே யாரையோ டிவியை நிறுத்தச் சொன்னாள்.

"எந்தத் தடவ?" என்று கேட்டாள்.

சொன்னேன்.